கற்பிட்டிக் காற்றில் பட்டம் தேடி

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி வடக்கே திரும்பினால், நீர்கொழும்பு, சிலாபம் என்று கடலோர ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். புத்தளம் நகருக்குச் சற்று முன்பு பாலாவிச் சந்தி. அங்கே இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டித் தீபகற்பம். ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. கடலோரமாகத் தேங்கி நிற்கும் உப்புநீர்ப் பரப்பைத்தான் இலங்கைத் தமிழில் ‘களப்பு’ என்கிறார்கள்.

வழியெங்கும் மணல் நிலத்தில் கிணற்று நீரைப் பாய்ச்சி வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டிருக்கிறார்கள். பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டே போவது தனி இன்பம். மாம்புரி, நுரைச்சோலை, ஆலங்குடா, கண்டக்குழி. நுரைச்சோலை என்று ஓர் ஊருக்குப் பெயர் வைத்தவர் கடலை நன்றாகப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். மாம்புரிப் பக்கம் காற்றாலைகள் வரிசையாகச் சுழல்கின்றன. தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து நிற்கின்றன. இந்த ஊருக்கு நாங்கள் எதற்காக வந்தோமோ, அது தென்னையின் சாய்விலேயே தெரிந்துவிட்டது.

காற்றுக்காகத்தான் வந்தோம். மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இங்கே ஏறக்குறைய நாள் தவறாமல் வீசும். வேகம் பெரும்பாலும் 18 முதல் 25 நாட். 20 நாட் என்றால் மணிக்கு 37 கிலோமீட்டர். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குக் காற்றிலும் ஒரு பருவம் உண்டு என்றாலும், கைட்போர்டிங் ஆடுபவர்கள் கூட்டமாக வருவது நடு ஆண்டில்தான்.

கைட்போர்டிங் தெரியாதவர்களுக்காக ஒரு வரி: இடுப்பில் ஹார்னஸ் கட்டி, ஏறத்தாழ 22 மீட்டர் நீளக் கயிறுகளின் முனையில் பெரிய பட்டம் ஒன்றைப் பறக்கவிட்டு, அது இழுக்க, காலடியில் பலகையோடு நீரின் மேல் சறுக்கிப் போகும் விளையாட்டு.

நான் நான்கு ஆண்டுகளாக ஆடுகிறேன். சிங்கப்பூரில் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைதான் என் மைதானம். தேசிய சேவையை முடித்துவிட்டு வந்த என் தம்பி, சிறுவயதிலிருந்தே கேபிள் பார்க்கில் வேக்போர்டு ஆடியவன். கம்பிவடம் இழுக்க நீரில் சறுக்கியவனுக்கு, பட்டம் இழுக்கச் சறுக்குவது அடுத்த படி. ஓராண்டில் என்னைப் பிடித்துவிட்டான். இருவருக்கும் சொந்தப் பட்டம் வாங்கும் நேரம் வந்தது. அங்கேதான் வீட்டில் விவாதம் தொடங்கியது.

புதிய பட்டம் ஒன்றின் விலை இரண்டாயிரம் வெள்ளியை எளிதில் தொட்டுவிடும். கையில் பிடிக்கும் பாரும் கயிறுகளும் தனி. தம்பியின் பணம் தேசிய சேவைக் காலத்தில் சேர்த்தது; என்னுடையது விடுமுறைக்கென்று ஒதுக்கியது. அம்மாவுக்குப் பணத்தைவிட வேறு கவலை. “எதையாவது வாங்குங்க. ஆனா கையை விட்டா நிக்கிற மாதிரி வாங்குங்க,” என்று ஒரே நிபந்தனை போட்டார். அந்த நிபந்தனை எவ்வளவு நுட்பமானது என்பது கற்பிட்டிக்கு வந்த பிறகுதான் முழுதாகப் புரிந்தது.

ஒலிம்பிக் பட்டம் வேறு, எங்கள் பட்டம் வேறு

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், நம் தேசிய தினமான ஆகஸ்ட் 9ஆம் தேதி, 17 வயது மேக்சிமிலியன் மேடர் வெண்கலம் வென்றார். அன்றிலிருந்து நான் பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தாலே, “மேக்ஸ் மேடர் மாதிரியா?” என்று கேட்கிறார்கள். விளையாட்டின் பெயர் நாட்டில் பரவியதில் மகிழ்ச்சிதான். ஆனால் பதில், “அந்த மாதிரி இல்லை.”

மேடர் ஆடுவது பந்தயம். பலகைக்குக் கீழே நீருக்குள் இறக்கை போன்ற ஃபாயில் இருக்கும். பலகை நீரைத் தொடாமல் மேலே எழும்பிப் பறக்கும். அவர் பட்டத்தில் காற்றடைத்த குழாய்கள் இல்லை; முன்பக்கத் துளைகள் வழியே காற்று தானே புகுந்து அதை உப்ப வைக்கிறது. யார் முதலில் எல்லையைத் தொடுகிறார் என்பதே கேள்வி.

எங்களுக்குப் பிடித்தது ஃப்ரீஸ்டைல், வேக்ஸ்டைல் என்ற இரண்டு வகைகள். பந்தயம் ஓட்டப்போட்டி என்றால் இவை ஜிம்னாஸ்டிக்ஸ். நீரிலிருந்து எகிறி, உடலைச் சுழற்றி, பாரை முதுகுக்குப் பின்னால் ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றி, திரும்பவும் நீரில் இறங்க வேண்டும். இதற்காக ஹார்னஸின் கொக்கியிலிருந்து பட்டத்தைக் கழற்றிவிடுவார்கள். அப்போது பட்டத்தின் முழு இழுப்பும் இரண்டு கைகளில்தான். எனவே எந்தப் பட்டம் என்பது இங்கே அழகுக்கான கேள்வி அல்ல. தோள்பட்டைக்கும் முழங்காலுக்குமான கேள்வி.

சிங்கப்பூரில் ஒரே நாளில் மூன்று வகைப் பட்டங்களை முயன்று பார்க்கும் வாய்ப்பு அரிது. காற்று அவ்வளவு நேரம் நிற்காது. கற்பிட்டியில் நிற்கும். பயிற்சிப் பள்ளிகளில் பட்டங்களை வாடகைக்கும் தருகிறார்கள். ஒரு வாரம் தங்கி, எல்லாவற்றையும் பறக்கவிட்டுப் பார்த்து, பிறகு வாங்குவது என்று முடிவு செய்தோம்.

களப்பும் அதன் மனிதர்களும்

இங்கே ஃப்ரீஸ்டைல் ஆட்டக்காரர்கள் குவிவதற்குக் காரணம் நிலத்தின் அமைப்பு. கடலுக்கும் சிறு களப்புக்கும் நடுவே ஒல்லியான மணல்திட்டு ஒன்றுதான். தென்மேற்கிலிருந்து வரும் காற்று அந்தத் திட்டைத் தடையின்றித் தாண்டி வருகிறது. கடல் அலை மட்டும் அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. விளைவு, காற்று பலமாக இருக்கும், நீரோ தட்டில் ஊற்றியதுபோல் தட்டையாக இருக்கும். பல இடங்களில் ஆழம் இடுப்பளவுதான். எகிறிக் குதித்து விழப்போகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? கற்றுக்கொள்ளத் தொடங்குபவர்கள் தெற்கே கப்பலடிக் களப்புக்கும், அனுபவசாலிகள் படகேறி வெள்ளைத்தீவு மணல்திட்டுக்கும் போவதுண்டு.

கற்பிட்டியில் 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை இன்றும் இருக்கிறது. தீபகற்பத்தின் தெற்கே தலவிலவில் புனித அன்னம்மாள் ஆலயம். திருவிழாக் காலத்தில் நாடெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். சாலையில் கழுதைகள் தம்போக்கில் நடக்கின்றன. ஊரில் தமிழ் பேசும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் நிறையப் பேர். 1990இல் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல இந்தப் பகுதியில்தான் குடியேறின. சிங்கப்பூரிலிருந்து போகும் தமிழருக்கு இங்கே மொழி தடையே இல்லை. காலையில் இடியப்பமும் சொதியும் கேட்டு வாங்க ஆங்கிலம் வேண்டியதில்லை.

எங்களுக்குக் கிடைத்த பயிற்சியாளர் கண்டக்குழிக்காரர். மீன்பிடிக் குடும்பம். நாற்பதை நெருங்கும் வயது. எல்லாரும் அவரை ‘நானா’ என்றுதான் அழைத்தார்கள். இந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனுக்குச் சொல்லும் வார்த்தை அது. நாங்களும் அப்படியே அழைத்தோம். நாங்கள் கொண்டுபோயிருந்த பட்டியலை, அதாவது வெற்றியாளர்கள் பறக்கவிடும் பட்டங்கள், அவற்றின் எடை, துணி வகை எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு கைப்பேசியைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்:

“பட்டம் எப்பிடி இழுக்குது எண்டு எல்லாரும் பாப்பாங்க தங்கச்சி. நீங்க அது எப்பிடி விடுது எண்டு பாருங்க.”

மூன்று உருவங்கள்

காற்றடைத்த குழாய் கொண்ட பட்டத்துக்கு 1984இல் காப்புரிமை பெற்றவர்கள் பிரான்சைச் சேர்ந்த லெகனு சகோதரர்கள். நீரில் விழுந்தாலும் மிதந்து மறுபடி எழ வேண்டும் என்பதற்காகவே குழாய்களில் காற்றை அடைத்தார்கள். அதன் பின் உருவம் பல விதமாகப் பிரிந்தது. முதல் மூன்று நாட்களும் எங்கள் வேலை, அந்த உருவங்களை ஒவ்வொன்றாக உடம்பில் வாங்கிப் பார்ப்பதுதான்.

முதல் நாள் ‘பௌ’ வகை. வில்லைப்போல் அகன்று தட்டையாக விரியும் பட்டம். முன்விளிம்புக் குழாயிலிருந்து சிறு கயிறுகள் பல பிரிந்து இறங்கும். இதற்குப் பிரைடில் என்று பெயர். பாரை உடலிலிருந்து தள்ளினால் இழுப்பு ஏறக்குறைய முழுவதும் போய்விடும். இழுத்தால் திரும்ப வரும். நீரில் விழுந்தால் ஒரு பக்கக் கயிறை இழுத்தாலே எழுந்துவிடும். புதிதாகக் கற்பவர்களுக்கு மிக நல்லது. தலைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினால் மனிதரை உயரத் தூக்கி, மெதுவாக இறக்கும். ஆனால் கொக்கியைக் கழற்றிவிட்டுக் குதித்தபோது, காற்றில் இருக்கும் நேரம் முழுவதும் அது என்னை இழுத்துக்கொண்டே இருந்தது. பாரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக முயன்றால், யாரோ கையைப் பிடித்துப் பறிப்பதைப்போல் இருந்தது.

இரண்டாம் நாள் ‘சி’ வகை. ஆங்கில ‘சி’ எழுத்தைக் கவிழ்த்ததுபோல் ஆழமாக வளைந்த உருவம். பிரைடில் கிடையாது, கயிறுகள் நேரே இரு ஓரங்களில் இணைகின்றன. சில பட்டங்களில் முன்விளிம்பின் நடுவுக்கு ஐந்தாவது கயிறு ஒன்று. ஸ்லிங்‌ஷாட் நிறுவனத்தின் ஃப்யூவல் போன்றவை இந்தக் குடும்பம். இதன் இழுப்பு அடர்த்தியானது. பாரைத் தள்ளினாலும் முழுதாக அடங்காது. ஆனால் குதித்த நொடியில் நடப்பதுதான் அதிசயம்.

பலகையின் விளிம்பைக் காற்றுக்கு எதிராக அழுத்தி, கயிறுகளில் விசையைச் சேர்த்து, சட்டென்று விடும்போது உடல் எகிறுகிறது. பட்டம் அப்போது தலைக்கு மேலே இல்லை. கடிகார முகத்தில் பத்தரை மணி அல்லது ஒன்றரை மணி நிலையில், சாய்வாக நிற்கிறது. உடல் மேலே போக, சி பட்டம் ஒரு கணம் இழுப்பதை நிறுத்திவிடுகிறது. கயிறுகள் தளர்கின்றன. பார் எடையற்றுப்போகிறது. அந்த ஒரு கணத்தில்தான் பாரைக் கை மாற்ற முடியும். இதை ஆட்டக்காரர்கள் ‘ஸ்லாக்’ என்கிறார்கள். நானா சொன்ன ‘விடுது’ அதுதான். ஃப்ரீஸ்டைல் பட்டத்துக்குப் பணம் கொடுக்கிறோம் என்றால், அது இழுக்காமல் இருக்கும் அந்த அரை நொடிக்குத்தான் கொடுக்கிறோம்.

மூன்றாம் நாள் ‘ஓப்பன் சி’. இரண்டுக்கும் நடுவே பிறந்த பிள்ளை. சி உருவத்தைச் சற்று விரித்து, சின்னதாக ஒரு பிரைடில் சேர்த்திருப்பார்கள். சி அளவுக்கு இல்லாவிட்டாலும் கயிறு தளர்கிறது. பௌ அளவுக்கு இல்லாவிட்டாலும் பாரைத் தள்ளினால் அடங்குகிறது. டுவோடோன் வேகாஸ் போன்ற பெயர் பெற்ற ஃப்ரீஸ்டைல் பட்டங்கள் இந்தப் பக்கம் நகர்ந்துவிட்டன.

கொக்கியைக் கழற்றும்முன் செய்ய வேண்டிய ஒன்றையும் நானா திரும்பத் திரும்பச் சொன்னார். கழற்றியதும் பார் முழுதாக உள்ளே இழுத்த நிலைக்கு வந்துவிடும். அப்படியே விட்டால் பட்டம் மூச்சு முட்டி, பின்னோக்கிச் சரியும். எனவே பாருக்கு மேலே உள்ள பட்டையை முன்கூட்டியே இழுத்து, முன்கயிறுகளைக் கொஞ்சம் குறுக்கிவிட வேண்டும். நல்ல பட்டத்தைக் கெட்ட பட்டம் என்று பலர் திட்டுவது, இந்தப் பட்டையைத் தொடாததால்தான் என்பது அவர் கணிப்பு.

தம்பிக்கு வேண்டிய எஞ்சின்

ஃப்ரீஸ்டைலும் வேக்ஸ்டைலும் அக்கா தம்பி மாதிரி. ஒரே வீடு, வேறு வேறு குணம். தம்பியின் வேக்ஸ்டைலில் காலுக்கு வார்ப்பட்டை இல்லை, பூட்ஸ். பலகையோடு கால் பூட்டப்பட்டிருக்கும். பட்டம் இன்னும் தாழ்வாக நிற்கும். நீரில் போட்டிருக்கும் நீண்ட கம்பத்தின்மேல் ஏறிச் சறுக்குவதும், சரிவுப் பலகையில் ஏறிக் குதிப்பதும் உண்டு. அவனுக்குப் பட்டம் என்பது கேபிள் பார்க் எஞ்சினுக்கு மாற்று. அந்த எஞ்சின் சீராக, கிடைமட்டமாக இழுக்க வேண்டும், மேலே தூக்கக்கூடாது. கம்பத்தில் சறுக்கும்போது பட்டம் தூக்கினால் பலகை நழுவிவிடும். வைத்த இடத்தில் பட்டம் நிற்கவும் வேண்டும், தானாக மேலேறக்கூடாது.

இதனால்தான் இந்த இரண்டு வகைக்கும் அகலம் குறைந்த, உறுதியான பட்டங்களை விரும்புகிறார்கள். முன்விளிம்பிலிருந்து பின்னால் ஓடும் குறுக்குக் குழாய்கள் ஐந்து இருந்தால், பலத்த காற்றிலும் உருவம் குலையாது. மூன்று இருந்தால் எடை குறைவு. மெல்லிய காற்றிலும் மிதக்கும். நீண்டு ஒல்லியாக விரியும் பட்டங்கள் உயரம் தாண்டுபவர்களுக்கு.

தம்பிக்குச் சி பட்டத்தின் மேல் காதல் வந்துவிட்டது. “அக்கா, இது அப்படியே கேபிள் மாதிரியே இருக்கு,” என்று இரவுச் சாப்பாட்டிலும் அதே பேச்சு. மறுக்க முடியவில்லை. அந்தத் தட்டை நீரில், சீரான காற்றில், அவன் ஆடியதைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

நான்காம் நாள்

நான்காம் நாள் மதியம், ஒரு முயற்சி தவறி, அவன் பாரை விட்டான். பட்டம் மூக்குக் குப்புற நீரில் விழுந்தது.

கொக்கியில் மாட்டி ஆடும்போது பாதுகாப்பு முறை எளிது. அவசரப் பிடியைத் தள்ளினால், பட்டம் ஒரே கயிற்றில் தொங்கிக் கொடிபோல் படபடத்து, வலுவிழந்து விழும். கொக்கி கழற்றி ஆடும்போது அந்தக் கயிறைப் பலர் வேறு விதமாக மாட்டுவார்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை பார் நழுவும்போதும் எல்லாவற்றையும் சுருட்டித் திரும்பக் கட்ட வேண்டும். அந்த மாற்று முறையில், பாரை விட்டாலும் பட்டம் முழுதாகச் சாகாது. கொஞ்சம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். முழுதாக விடுவிக்க வேண்டுமென்றால், உடலோடு சேரும் முனையைத் தனியே கழற்ற வேண்டும். ‘கையை விட்டா நிக்கணும்’ என்ற அம்மாவின் நிபந்தனை சரியாக இந்த இடத்தில்தான் வந்து நின்றது.

பௌ பட்டமாக இருந்திருந்தால் ஒரு கயிறை இழுத்து எழுப்பியிருப்பான். சி பட்டத்தை ஐந்தாவது கயிறால் மல்லாக்கப் புரட்டி, ஓரத்துக்குக் கொண்டுவந்து எழுப்ப வேண்டும். அதற்கும் காற்று பலமாக வேண்டும். ஐந்து நிமிடம் போராடினான். பிறகு எழுந்து நின்றான். நீர் இடுப்பளவு. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கரைக்கு நடந்து வந்தான்.

நானா ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. “இங்க நடந்து வந்துட்டீங்க தம்பி. உங்கட ஊர்ல நடக்க ஏலுமா?” என்று மட்டும் கேட்டார்.

எங்கள் ஊரில் கடல் அப்படியில்லை. சில அடி தள்ளினால் ஆழம், நீரோட்டம், தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்கள். காற்றோ சில நேரம் 12 நாட், சில நேரம் 17, திடீரென்று மழைமேகம் வந்தால் அதற்கும் மேல். மேகம் போனால் ஒன்றுமே இல்லை. காற்று விட்டுப்போன நீரில் சி பட்டத்தை எழுப்புவது கடினம்.

அன்று மாலை நாங்கள் இருவரும் பேசித் தெளிந்தது இதுதான். விடுமுறை ஊரின் காற்றுக்குப் பட்டம் வாங்கக்கூடாது. ஆண்டில் அதிக நாள் எந்தக் காற்றில் ஆடுவோமோ, எந்த நீரில் விழுவோமோ, அதற்குத்தான் வாங்க வேண்டும். கற்பிட்டியில் ஆடச் சி பட்டத்தை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். தம்பி முகம் வாடியது உண்மை. ஆனால் ஒப்புக்கொண்டான்.

ஒன்பது மீட்டர் கணக்கு

அளவுதான் அடுத்த கேள்வி. பட்டத்தின் அளவைச் சதுர மீட்டரில் சொல்வார்கள். கடற்கரையில் புழங்கும் ஒரு தோராயக் கணக்கு: உடல் எடையைக் கிலோவில் எடுத்து 2.2ஆல் பெருக்கி, காற்றின் வேகத்தை நாட்டில் வைத்து வகுத்தால், வேண்டிய அளவு கிடைக்கும்.

நான் 56 கிலோ. கற்பிட்டியின் 20 நாட் காற்றில் எனக்கு வருவது ஆறுக்குச் சற்று மேல். அதாவது 6 அல்லது 7 மீட்டர். சிங்கப்பூரின் 14 நாட்டில் ஏறக்குறைய 9. தம்பி 78 கிலோ. கற்பிட்டியில் அவனுக்கு 9, சிங்கப்பூரில் 12.

எழுதிப் பார்த்தபோது இருவருமே சிரித்துவிட்டோம். சிங்கப்பூரில் என் பட்டம் 9, கற்பிட்டியில் அவன் பட்டம் 9. எனவே 9ம் 12ம் வாங்கினால் வீட்டுக்குப் போதும். ஊரில் நான் 9, அவன் 12. இங்கே வந்தால் அவன் 9. எனக்கு 7 வாடகைக்கு. மூன்று நான்கு பட்டங்கள் வாங்க வேண்டியிருக்கும் என்று பயந்த இடத்தில் இரண்டோடு முடிந்தது.

இது தோராயம்தான், பலகையின் அளவு, ஆடுபவரின் திறமை எல்லாம் கணக்கை மாற்றும். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். 15 நாட் காற்று 21 நாட் ஆனால் வேகம் கூடியது பாதிக்கும் குறைவு. விசையோ ஏறக்குறைய இரு மடங்கு. கொக்கி கழற்றி ஆடும்போது பாரைத் தள்ளி இழுப்பைக் குறைக்கும் வசதி கிடையாது. அதனால் இரண்டு அளவுகளுக்கு நடுவே தயங்கினால் சின்னதை எடுப்பது தோளுக்கு நல்லது. கடையில் பேசும்போது, “75 கிலோ ஆளுக்கு” என்ற கணக்கிலேயே பெரும்பாலும் சொல்வார்கள். என்னைப்போல் எடை குறைந்த பெண்கள் அந்த எண்ணை அப்படியே வாங்கிக்கொள்ளாமல், தங்கள் எடையைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வாங்கும் முன்

கடைசி இரண்டு நாட்களில், பழைய பட்டம் வாங்குவதானால் எதைப் பார்க்க வேண்டும் என்று நானா காட்டித் தந்தார். குழாய்களில் காற்றடைத்து ஓர் இரவு விட்டுவிட வேண்டும். காலையில் தளர்ந்திருந்தால் உள்ளே கசிவு. துணியை விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டும். புதுத் துணி சரசரக்கும். வெயிலில் வெந்த துணி கந்தல்போல் மெத்தென்று இருக்கும். பின்விளிம்புத் தையலில் ஒட்டுப்போட்டிருக்கிறதா, குழாய்த் தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு கயிறுகளையும் ஓர் ஆணியில் மாட்டி இழுத்து, நீளம் சமமா என்று அளக்க வேண்டும். ஒரு பக்கம் சில அங்குலம் நீண்டிருந்தாலே பட்டம் கோணலாகப் பறக்கும். அவசரப் பிடியில் மணல் சேராமல் கழுவி, ஒவ்வொரு முறை நீரில் இறங்கும் முன்னும் ஒரு தடவை தள்ளிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். களப்பில் வலை விரித்திருப்பார்கள். தோணிகள் வரும். பட்டக்காரர்களுக்கு அது விளையாட்டு மைதானம். ஊர்க்காரர்களுக்கு அது வயல். வலைக்குப் பக்கத்தில் போகாமலிருப்பதும், கரையேறி ஊருக்குள் நடக்கும்போது மேலே ஒரு சட்டை போட்டுக்கொள்வதும் இங்கே எழுதாத விதிகள்.

சிங்கப்பூர் திரும்பி, ஓப்பன் சி வகையில் 9 மீட்டர் ஒன்றும் 12 மீட்டர் ஒன்றும் வாங்கினோம். 9 பழையது, 12 புதியது. கற்பிட்டிக்குப் போய் வந்த செலவைச் சேர்த்தாலும், நாங்கள் முதலில் எழுதிய பட்டியலைவிட ஆயிரம் வெள்ளிக்கு மேல் மிச்சம். வடகிழக்குக் காற்று வரும் வரை, கொக்கியைக் கழற்றுவதில்லை என்றும், பாதுகாப்புக் கயிறை முழுதாக விடுவிக்கும் முறையில்தான் மாட்டுவது என்றும் தம்பி அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். கழற்றி ஆடத் தொடங்கும் நாளில், கரையில் நான் இருக்க வேண்டும் என்பது என் பங்குக்கான நிபந்தனை.

நீங்கள் போக நினைத்தால்: கொழும்புக்கு நேரடி விமானத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரம், அங்கிருந்து வேனில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கைட்போர்டிங் புதிது என்றால் முதல் நாள் பட்டம் வாங்குவதைப் பற்றியே நினைக்க வேண்டாம். பள்ளியின் பட்டத்தில் கற்றுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஆடுபவர் என்றால், உங்கள் எடையையும் உங்கள் ஊர்க் காற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். காற்று இருக்கும் இடத்தில், அந்தத் தாளை வைத்து ஒவ்வொரு பட்டத்தையும் முயன்று பாருங்கள். இழுப்பைக் கை உடனே உணர்ந்துவிடும். விடுவதை உணர்வதற்குத்தான் இரண்டு மூன்று நாள் தேவைப்படும்.